மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து

மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து என்பது தமிழ்நாட்டுக் கடற்கரைக் கிராமங்களில் மீனவர்கள் தாங்களே அமைத்து நடத்திவரும் தன்னாட்சி அமைப்பு ஆகும். கோயில் திருவிழா, குடும்பத் தகராறு, கடன் வழக்கு போன்ற ஊர்க் காரியங்களை இது கவனிக்கிறது. அதோடு கடலில் எந்த வலையைப் பயன்படுத்தலாம், எதைப் பயன்படுத்தக் கூடாது, யார் எந்த முறையில் தொழில் செய்யலாம் என்பதையும் முடிவு செய்கிறது. சோழமண்டலக் கடற்கரையில் பழவேற்காடு முதல் கோடியக்கரை வரை, பட்டினவர் சமூகத்தார் வாழும் குப்பங்களில் இவ்வமைப்பு வலுவாகக் காணப்படுகிறது. புதுச்சேரி, காரைக்கால் மீனவ ஊர்களிலும் இது உண்டு.

உலகில் வேறு பல கடற்கரைகளிலும் மீனவர்கள் இவ்வாறு தங்களைத் தாங்களே ஆண்டு வந்துள்ளனர். பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய நாடுகளின் மத்தியதரைக் கடற்கரையில் உள்ள மீனவர் சங்கங்கள் அவற்றுள் பழமையானவை. அந்தச் சங்கங்களை அரசுகள் சட்டத்திலேயே எழுதி ஏற்றுக்கொண்டன. தமிழ்நாட்டின் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அப்படி எழுதப்பட்ட சட்டத் தகுதி இல்லை. இருந்தும் பல ஊர்களில் மீனவர்கள் அதன் முடிவுகளுக்குக் கட்டுப்படுகிறார்கள்.

பெயரும் வேறுபாடும்

ஊர்ப் பஞ்சாயத்து என்ற பெயரைக் கேட்டதும் அரசின் கிராம ஊராட்சி நினைவுக்கு வரலாம். இரண்டும் வேறு. கிராம ஊராட்சி, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி தேர்தல் மூலம் அமைவது. ஒரே ஊராட்சியில் மீனவக் குப்பம், விவசாயத் தெரு, காலனி என எல்லாம் அடங்கியிருக்கும். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து அந்த ஒரு குப்பத்துக்கு மட்டும் உரியது. அது வாக்குச்சீட்டால் அமைவதில்லை. ஊர்க்கூட்டத்தின் ஒப்புதலால் அமைகிறது.

மீனவர் கூட்டுறவுச் சங்கமும் இதிலிருந்து வேறுபட்டது. கூட்டுறவுச் சங்கம் அரசிடம் பதிவு பெற்றது. கடன், நிவாரணம், மானியம் ஆகியவை அதன் வழியே வருகின்றன. ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பதிவு எண் கிடையாது.

பஞ்சாயத்தில் இருப்பவர்கள் பஞ்சாயத்தார் என்றும், நாகப்பட்டினம், காரைக்கால் வட்டாரத்தில் தலைவர்கள் நாட்டார் என்றும் அழைக்கப்படுகின்றனர். நாட்டார் பதவி பல ஊர்களில் பரம்பரையாக வந்தது. காலப்போக்கில் ஊர் கூடித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பரவியுள்ளது.

அமைப்பு

பஞ்சாயத்தின் அடிப்படை அலகு தலைக்கட்டு ஆகும். திருமணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறார். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி விதிக்கப்படும். வரி கட்டுபவர் ஊர்க்கூட்டத்தில் பேசலாம். ஊருக்கு வரும் பொதுப் பணத்தில் பங்கு பெறலாம். தகராறு என்றால் பஞ்சாயத்திடம் முறையிடலாம். வரியும் தெண்டப் பணமும் ஊர்ப் பொதுவில் சேர்கின்றன. அம்மன் கோயில் திருவிழா, பொதுக் கட்டடங்கள், கடலில் விபத்துக்குள்ளானவரின் குடும்பத்துக்கான உதவி போன்றவற்றுக்கு அப்பணம் செலவாகிறது.

தனி ஊரால் தீர்க்க முடியாத வழக்குகள் ஊர்க் கூட்டமைப்புக்குச் செல்லும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரு தலைமைக் கிராமத்தின் கீழ் கூடுவது வழக்கம். மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடியும், நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டையும் அத்தகைய தலைமைக் கிராமங்கள். இரண்டு ஊர்களின் படகுகள் கடலில் மோதிக்கொண்டாலோ, ஓர் ஊரின் வலையை மற்றோர் ஊரார் அறுத்துவிட்டாலோ, இரு பஞ்சாயத்தாரும் உட்கார்ந்து பேசுவர். முடியாதபோது தலைமைக் கிராமம் பல ஊர்ப் பஞ்சாயத்தாரை அழைத்துக் கூட்டம் போடும்.

தீர்ப்பை நிறைவேற்றக் காவலர்கள் இல்லை. தெண்டம் விதித்தல், வலையையோ படகையோ பிடித்து வைத்தல், தொழிலுக்குப் போகத் தடை விதித்தல், கடைசியாக ஊர்விலக்கம் ஆகியவையே பஞ்சாயத்தின் கையில் உள்ள கருவிகள். கடல் தொழில் தனியாகச் செய்யும் தொழில் அல்ல. படகைத் தள்ளவும், வலை இழுக்கவும், புயலில் தேடி வரவும் ஊரார் வேண்டும். அதனால் ஊர் பேசாமல் விட்டால் ஒருவரின் பிழைப்பே நின்றுவிடும். பஞ்சாயத்தின் பலம் இங்கிருந்துதான் வருகிறது. அதன் கொடுமைகளுக்கும் இதுவே வாய்ப்பளிக்கிறது.

கடலுக்கான விதிகள்

ஓர் ஊரின் கரைக்கு நேரே உள்ள அண்மைக் கடலில் அந்த ஊரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கடல் முழுவதும் தங்களுக்கே சொந்தம் என்று சோழமண்டலக் கரை ஊர்கள் பொதுவாகக் கூறுவதில்லை. பக்கத்து ஊர்ப் படகு அங்கே வந்து மீன் பிடிக்கலாம். ஆனால் அந்த ஊர் தடை செய்த வலையை அங்கே விரிக்கக் கூடாது. மீன் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவது. அதைத் தேடி எல்லா ஊர்ப் படகுகளும் எல்லா ஊர்க் கடலுக்கும் போக வேண்டியிருக்கும். ஆகவே ஆளைத் தடுப்பதைவிட வலையைக் கட்டுப்படுத்துவது இக்கரைக்குப் பொருத்தமாக அமைந்தது.

புதிய வலை ஒன்று ஊருக்குள் வரும்போது பஞ்சாயத்து பொதுவாக மூன்று கேள்விகளை எழுப்பும்.

முதலாவது, அது மீன் வளத்தைக் கெடுக்குமா? குஞ்சு மீனை அள்ளும் கண்ணி சிறுத்த வலை, கடல் தரையைச் சுரண்டும் வலை ஆகியவற்றின் மீது இந்தக் கேள்வி விழுகிறது.

இரண்டாவது, அது மற்றவர் தொழிலைக் கெடுக்குமா? ஒரு வகை வலை விரிந்திருக்கும் இடத்தில் வேறு வகை வலை போட்டால் இரண்டும் சிக்கி அறுந்து போகும். கரைவலை இழுக்கும் இடத்துக்கு முன்னால் செவுள் வலை விரித்தால் கரைவலைக்கு மீன் வராது.

மூன்றாவது, அது ஊரைப் பிளக்குமா? பணம் உள்ள சிலர் மட்டுமே வாங்கக்கூடிய வலை, பலரின் பிடிப்பைச் சிலர் கைக்கு மாற்றிவிடும். மேலும் மீன் ஒரே நாளில் குவிந்தால் கரையில் விலை விழும். அதனால் கட்டுமரக்காரர் கொண்டுவரும் கொஞ்ச மீனும் விலை போகாது.

இந்த மூன்று கேள்விகளும் உயிரியலையும் பொருளாதாரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மீன் குறைவதையும், அண்டை வீட்டாரின் வருமானம் குறைவதையும் ஒரே கேடாகவே ஊர் பார்க்கிறது. அரசின் மீன்பிடிச் சட்டங்களுக்கும் ஊர் விதிகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவாகும்.

பழவேற்காட்டின் பாடு முறை

திறந்த கடலைப் பங்கு போட முடியாது. ஏரியிலும் முகத்துவாரத்திலும் அது முடியும். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இதன் முகத்துவாரப் பகுதியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் வலை கட்டுவதற்கு ஏற்ற இடங்கள் குறைவு. அந்த இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டின் பெயர் பாடு முறை.

ஒரு மீன்பிடி இடத்தையும், அங்கே தொழில் செய்யும் முறையையும் பாடு என்ற சொல் குறிக்கிறது. இலங்கையிலும் கரைவலை இழுக்கும் கடற்கரைத் துண்டுக்குப் பாடு என்றே பெயர். கிளிநொச்சி மாவட்டத்தில் வலைப்பாடு என்ற பெயரிலேயே ஒரு மீனவக் கிராமம் உள்ளது.

பழவேற்காட்டில் பாடு உரிமை, ஏரியை ஒட்டிய குறிப்பிட்ட பட்டினவர் குப்பங்களின் தலைக்கட்டுகளுக்கு மட்டும் உண்டு. எந்த இடம் எவருக்கு என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகிறது. பிறகு முறை சுழல்கிறது. எடுத்துக்காட்டாக, 60 தலைக்கட்டுகளும் 20 இடங்களும் இருப்பதாகக் கொள்வோம். 60 பேரையும் 20 பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்தால், ஒவ்வொருவருக்கும் மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் கிடைக்கும். நல்ல இடம் இன்று ஒருவருக்கு என்றால், சுழற்சியில் அது பிறருக்கும் வந்து சேரும். யாரும் விடியுமுன் ஓடிப்போய் இடம் பிடிக்க வேண்டியதில்லை, சண்டையும் இல்லை. ஒரே நாளில் ஏரியில் இறங்கும் வலைகளின் எண்ணிக்கையும் தானாகவே கட்டுப்படுகிறது.

இந்த முறையின் நியாயம் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே. ஏரியை நம்பி வாழும் இருளர்களும் பிற தாழ்த்தப்பட்ட சமூகத்தாரும் பாட்டுக்கு வெளியே நின்றனர். இறால் ஏற்றுமதி வளர்ந்து விலை உயர்ந்தபோது, ஏரியில் இறங்க விரும்புவோர் பெருகினர். ஏரி அரசின் சொத்து, அதில் ஒரு சாதிக்கு மட்டும் எப்படி உரிமை என்ற கேள்வி வலுத்தது. இன்னொரு பக்கம் முகத்துவாரம் மணல் மூடி அடைபடுவதும், எண்ணூர்–காட்டுப்பள்ளிப் பகுதியில் துறைமுகங்களும் அனல் மின் நிலையங்களும் வந்ததும் பிடிப்பைப் பாதித்தன. குலுக்கலால் இடத்தைப் பங்கிட முடியும். ஏரிக்கு வெளியே இருந்து வரும் கேட்டைத் தடுக்க அதனால் முடியாது.

முத்துக்குளித்துறையும் மதுரையும்

தமிழகக் கடற்கரையின் தென்பகுதியில் தன்னாட்சி வேறு வடிவத்தில் இருந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த பரதவர் சமூகத்தினர், தனித்தனி ஊர்ப் பஞ்சாயத்துகளாக மட்டும் இல்லாமல், ஒரே தலைவரின் கீழ் இணைந்திருந்தனர். தூத்துக்குடியில் இருந்த அத்தலைவர் சாதித் தலைவர் என்றும் பாண்டியபதி என்றும் அழைக்கப்பட்டார். ஊர்களில் பட்டங்கட்டிகள் அவருக்குக் கீழ் இருந்தனர்.

முத்து, மதுரை ஆட்சியாளர்களின் செல்வங்களுள் ஒன்று. பாண்டியர் காலத்தில் கொற்கை முத்துத் துறைமுகமாக விளங்கியது. பின்னர் மதுரையை நாயக்கர்கள் ஆண்டபோது முத்துக்குளிப்பில் அவர்களுக்கும் பங்கு இருந்தது. 1536–37-இல் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கராயினர். 1658-இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும் புதியவர்களுக்குச் சாதித் தலைவர் தேவைப்பட்டார். படகுகளையும் குளியாட்களையும் திரட்டித் தர அவரால்தான் முடியும். அதற்கு ஈடாக அவருக்கு முத்துக்குளிப்பில் தனிச் சலுகைகள் வழங்கப்பட்டன.

இங்கே தன்னாட்சிக்கு அரசின் ஆதரவு இருந்தது. ஆனால் அந்த ஆதரவு முத்தைச் சார்ந்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சாதித் தலைவரின் அதிகாரம் படிப்படியாகக் குறைந்தது. முத்துக்குளிப்பும் 1961-க்குப் பிறகு நடைபெறவில்லை.

மத்தியதரைக் கடற்கரைச் சங்கங்கள்

அரசு சட்டமாகவே எழுதி ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்குப் பிரான்ஸ் எடுத்துக்காட்டாகும். அங்குள்ள மீனவர் தன்னாட்சி அமைப்பின் பெயர் புருதோமி. மார்சேய் நகரத்தின் புருதோமி 15-ஆம் நூற்றாண்டில், புரோவான்ஸ் பகுதியை ஆண்ட மன்னர் ரெனேயின் காலத்தில் அரச அங்கீகாரம் பெற்றது. மீனவர்கள் தங்களுக்குள்ளிருந்தே நடுவர்களைத் தேர்ந்தெடுத்தனர். அவர்கள் விதிகளை வகுத்தனர். விதி மீறியவர்களை விசாரித்துத் தண்டனையும் விதித்தனர். வழக்கறிஞர் இல்லை, எழுத்து மனுக்கள் இல்லை. வாதியும் பிரதிவாதியும் நேரில் பேசுவர். தீர்ப்பு உடனே சொல்லப்படும்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1791-இல் நாட்டின் தொழிற் சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1790 டிசம்பரில், தேசிய சபை மீனவர் புருதோமிகளைத் தொடர அனுமதித்திருந்தது. 1859-இல் வெளியான ஆணை அவற்றின் அதிகாரங்களை வரையறுத்தது. பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் இன்றும் முப்பதுக்கும் மேற்பட்ட புருதோமிகள் உள்ளன.

ஆனால் சட்டத் தகுதி மட்டும் அவற்றைக் காப்பாற்றிவிடவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கட்டலோனியாவிலிருந்து மார்சேய்க்கு வந்த மீனவர்கள் தூண்டில் கயிறுகளைக் கொண்டு தொழில் செய்தனர். உள்ளூர் புருதோமிக்கும் அவர்களுக்கும் நெடுங்காலம் பூசல் நடந்தது. 20-ஆம் நூற்றாண்டில் இழுவைமடிப் படகுகள், வெடி வைத்து மீன் பிடித்தல், விளக்கு வெளிச்சத்தில் மீன் பிடித்தல் ஆகியவை வந்தபோது சங்கத்தால் உறுதியான முடிவை எடுத்துச் செயல்படுத்த முடியவில்லை. பழைய முறையினரும் புதிய முறையினரும் ஒரே சங்கத்தில் இருந்தனர்; இருவருக்கும் பொதுவான நலன் இல்லாமல் போயிற்று. மீன்பிடி விதிகளை வகுக்கும் வேலையும் மெல்ல மெல்ல நாட்டின் அரசுக்கும் பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சென்றது.

பாடு முறைக்கு மிக நெருங்கிய ஏற்பாடு ஸ்பெயினின் வலென்சியா நகருக்குத் தெற்கே உள்ள அல்புஃபேரா ஏரியில் காணப்படுகிறது. பழவேற்காட்டைப் போலவே இதுவும் கடலோர ஏரி. இங்குள்ள எல் பால்மார் ஊர் மீனவர் சங்கம், வலை கட்டும் இடங்களை ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் பிரித்துக்கொடுக்கிறது. இதன் வேர்கள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இச்சங்கத்திலும் உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே சென்றது. 1990-களின் இறுதியில் மீனவர் குடும்பப் பெண்கள் நீதிமன்றம் சென்று, தங்களையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்றனர். குலுக்கல் முறை அழியவில்லை. குலுக்கலில் யார் பெயர் இருக்கலாம் என்பது மட்டும் மாறியது.

துருக்கியின் மத்தியதரைக் கடற்கரையில் உள்ள அலன்யா என்ற ஊரிலும் குலுக்கலும் சுழற்சியும் உண்டு. 1970-களில் அங்குள்ள மீனவர்கள் மீன்பிடி இடங்களுக்குப் பெயரிட்டுப் பட்டியலிட்டு, குலுக்கலில் கிடைத்த இடத்திலிருந்து நாள்தோறும் அடுத்த இடத்துக்கு நகரும் முறையை வகுத்தனர். பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே நிர்வகிப்பது பற்றி ஆராய்ந்து 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரோம், தமது 1990-ஆம் ஆண்டு நூலில் அலன்யாவை எடுத்துக்காட்டாகக் காட்டினார். அதே நூலில், இலங்கையின் தென்கரையில் உள்ள மாவெல்ல என்ற ஊரின் கரைவலை முறை தோற்றுப்போனதையும் விளக்கினார். மாவெல்லவில் முறை வைத்து வலை இழுக்கும் விதி இருந்தது. வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் விதி நிலைக்கவில்லை. வலைகள் பெருகப் பெருக, ஒவ்வொருவருக்கும் கிடைத்த முறை குறைந்தது. செலவு மட்டும் ஏறியது.

விசைப்படகுகளும் அரசின் சட்டமும்

மார்சேயில் நடந்ததைப் போன்ற பிளவு தமிழ்நாட்டிலும் விசைப்படகுகளால் வந்தது. விடுதலைக்குப் பின் மீன் உற்பத்தியைப் பெருக்க அரசு விசைப்படகுகளை ஊக்குவித்தது. ஏற்றுமதிக்கு இறால் தேடி அவை இழுவைமடியைக் கரையோரத்திலேயே இழுத்தன. கட்டுமரக்காரர்களின் வலைகள் அறுந்தன. 1970-களில் கடலிலும் கரையிலும் மோதல்கள் வெடித்தன, படகுகள் எரிக்கப்பட்டன.

பஞ்சாயத்து அதுவரை பார்த்த வழக்குகள் ஊருக்குள் நடந்தவை. இல்லையேல் பக்கத்து ஊருடன் நடந்தவை. விசைப்படகோ தொலைவில் உள்ள துறைமுகத்திலிருந்து வந்தது. அதன் உரிமையாளரை ஊர்விலக்கம் செய்ய முடியாது. அவர் இந்த ஊர்க்காரரே இல்லை. பஞ்சாயத்தின் கருவிகள் அவரிடம் செல்லவில்லை.

இந்நிலையில் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர் வரை உள்ள கடல் நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. 2001-இல் 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறைக்கு வந்தது. 2017 முதல் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை.

பாக் நீரிணையில் வேறொரு தீர்வு உருவானது. இராமேசுவரம் போன்ற இடங்களில் பல சாதிகளும் மதங்களும் கலந்து வாழ்வதால், சோழமண்டலக் கரை போன்ற ஊர்ப் பஞ்சாயத்து அங்கே வலுவாக இல்லை. படகு உரிமையாளர் சங்கங்களே அந்த இடத்தில் இருந்தன. 1970-களின் மோதல்களுக்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் இரு தரப்பையும் அமர்த்திப் பேசியதில், மூன்று நாள்–நான்கு நாள் முறை ஏற்பட்டது. வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்கள் விசைப்படகுக்கும், மற்ற நான்கு நாட்கள் நாட்டுப்படகுக்கும் எனப் பிரிக்கப்பட்டது. கடலைப் பிரிக்க முடியாத இடத்தில் நாளைப் பிரித்தனர். ஆனால் இந்த ஒப்பந்தம் நீரிணையின் இக்கரைக்கு மட்டுமே பொருந்தியது. அக்கரையில் வடஇலங்கைத் தமிழ் மீனவர்கள் தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகளால் தங்கள் வலைகள் அறுபடுவதாக முறையிட்டு வருகின்றனர். 2017-இல் இலங்கை இழுவைமடித் தொழிலைத் தடை செய்தது.

சுருக்குமடிப் பூசல்

ஊர்களையே எதிரெதிராக நிறுத்திய வழக்கு சுருக்குமடி வலையுடையது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிப்பகுதியைச் சுருக்கி, கூட்டம் முழுவதையும் ஒரே வளைப்பில் பிடிக்கும் பெரிய வலை இது. மேலே சொன்ன மூன்று கேள்விகளும் இதன் மீது எழுந்தன. தமிழ்நாடு அரசு இதற்குத் தடை விதித்தது. இருந்தும் பல ஊர்களில் பெரும் முதலீட்டில் சுருக்குமடி வாங்கப்பட்டது. ஒரு வலையில் பலர் பங்கு சேர்ந்தனர்.

2021 ஜூலையில் பூம்புகார், திருமுல்லைவாசல் முதலிய ஊர்களின் மீனவர்கள் சுருக்குமடியை அனுமதிக்கக் கோரிப் போராடினர். தரங்கம்பாடி முதலிய ஊர்கள் எதிர்த்தன. இரு பக்கத்திலும் இருந்தவர்கள் ஒரே சமூகத்தினர், உறவினர்களும்கூட. பல ஊர்க் கூட்டத்தால் இந்த வழக்கைத் தீர்க்க முடியவில்லை. அது நீதிமன்றத்துக்குச் சென்றது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. அதன்படி 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாட்கள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, நிபந்தனைகளுடன் சுருக்குமடிக்கு அனுமதி கிடைத்தது.

இந்த உத்தரவில் உள்ள இடம், நாள், நேரம் ஆகிய கட்டுப்பாடுகள் பாடு முறையிலும் மூன்று நாள்–நான்கு நாள் முறையிலும் பழகிய கட்டுப்பாடுகளே. அவற்றை வகுத்தவர்கள் மட்டும் மாறியிருக்கின்றனர்.

ஆழிப்பேரலையும் விமர்சனங்களும்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்துகளே உடனடியாகச் செயல்பட்டன. இறந்தவர், காணாமற்போனவர் பட்டியலை எடுத்தன. வந்த அரிசியையும் துணியையும் பங்கிட்டன. அரசுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஊரின் சார்பில் பேசின. தலைக்கட்டுக் கணக்கு இருந்ததால் வேலை விரைவாக நடந்தது.

அதே தலைக்கட்டுக் கணக்கால் சிலர் விடுபட்டனர். கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்திய பெண்கள் தலைக்கட்டாக எண்ணப்படவில்லை. கடலுக்குப் போகாவிட்டாலும் கடலை நம்பியே வாழ்ந்த அண்டைத் தலித் குடியிருப்புகளின் மக்களுக்கும் பங்கு ஒழுங்காகச் சேரவில்லை என்ற புகார் எழுந்தது. மீன் விற்பது பெரும்பாலும் பெண்களின் தொழில். ஊர்ப் பொருளாதாரத்தில் பாதி அவர்கள் தலையில் உள்ள கூடையில் இருக்கிறது. ஆயினும் ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஊர்விலக்கம் ஒரு குடும்பத்தையே பட்டினி போடக்கூடிய தண்டனை; அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியில்லை. கட்டப் பஞ்சாயத்து முறையை நீதிமன்றங்கள் கண்டித்து வந்துள்ளன.

உள்நாட்டில் ஓர் ஒப்பீடு

இத்தகைய பொது விதிகளைக் கடலோரம் இல்லாத ஊர்களிலும் காணலாம். மதுரை, சிவகங்கை மாவட்டக் கண்மாய்களில், தண்ணீர் வற்றும் கோடையில் மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது. மேலூர் வட்டாரத்தில் இது சிறப்பாக நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. வீசியதும் சுற்றுப்பட்டு ஊர் மக்கள் எல்லாரும் ஊத்தா, கச்சா, வலை ஆகியவற்றோடு ஒரே நேரத்தில் இறங்குவர். பிடித்த மீனை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பது வழக்கம். அதுவரை மீனைப் பிடிக்காமல் காத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே தொடக்கம் கிடைக்கிறது.

கண்மாய் மீனை ஏலத்தில் குத்தகைக்கு விடும் முறையும் இதே ஊர்களில் உண்டு. ஏலப் பணம் ஊர்ப் பொதுவுக்கோ அரசுக்கோ செல்லும். ஏலம் எடுத்தவர் ஒருவர் என்றால் மீன் அவருக்குரியது. திருவிழா என்றால் மீன் எல்லாருக்கும் உரியது. எந்தக் கண்மாயில் எது என்பதை ஊர் கூடி முடிவு செய்யும்போது தகராறு குறைகிறது.

இன்றைய நிலை

மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் இன்றும் செயல்பட்டு வருகின்றன. மீன்வளத் துறையும் காவல் துறையும் மோதல் காலங்களில் பஞ்சாயத்தாரை அழைத்தே அமைதிக் கூட்டம் நடத்துகின்றன. சட்டத்தில் இடமில்லாத அமைப்பை நடைமுறையில் அரசு நம்பியிருக்கிறது. மூன்று கடல் மைல் எல்லையை நீண்ட கடற்கரை முழுவதும் கண்காணிக்க அரசிடம் போதிய படகுகளோ ஆட்களோ இல்லாததும் இதற்கு ஒரு காரணம்.

பழவேற்காடு, மார்சேய், எல் பால்மார், மாவெல்ல ஆகிய இடங்களின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தால், இடத்தை முறை வைத்துப் பங்கிடுவது மீனவர்களுக்குக் கடினமாக இருந்ததில்லை என்பது தெரிகிறது. கடினமாக இருந்தவை இரண்டு. முதலாவது, பங்கிடுவோர் பட்டியலில் யார் சேரலாம், எத்தனை பேர் சேரலாம் என்பது. இரண்டாவது, பட்டியலுக்கு வெளியே இருந்து பெரிய எந்திரத்தோடு வருபவரை எப்படி நிறுத்துவது என்பது. முதலாவதை எல் பால்மார் பெண்கள் நீதிமன்றத்தின் மூலம் ஓரளவு தீர்த்துக்கொண்டனர். இரண்டாவதை எந்த ஊரும் அரசின் துணையின்றித் தனியாகத் தீர்த்ததில்லை.

தமிழ்நாட்டில் இவ்விரண்டும் இன்னும் பேசப்பட்டு வருகின்றன. ஊர்ப் பஞ்சாயத்துகளுக்குச் சட்டத் தகுதி தந்து, கரையோரக் கடலை நிர்வகிப்பதில் அவற்றையும் பங்காளிகளாக்க வேண்டும் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். பெண்களுக்கும் பட்டியலுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் இடம் தராத அமைப்புக்குச் சட்டத் தகுதி தந்தால், பழைய விலக்கமும் சட்டமாகிவிடும் என்று மறு சாரார் எச்சரிக்கின்றனர். சில ஊர்களில் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் வழியாகத் தங்கள் கோரிக்கைகளைப் பஞ்சாயத்தின் முன் வைக்கின்றனர்.